மதுரை வீட்டில் ஈரத்தை அடக்குவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து அடைமழை வரை

சிம்மக்கல்லில் என் அத்தை வீட்டில் தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு கார்த்திகை தீபம் வரைக்கும் மொறுமொறுவென்று இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டார்கள். புறா எச்சம், மழைச்சாரல், தூசி என்று காரணமெல்லாம் நியாயமானதுதான். அந்த ஐப்பசியிலேயே பட்டுப்புடவை மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. "பீரோவத் தொறந்தா நனைஞ்ச சாக்கு மாதிரி வாடை அடிக்குதுடா தம்பி, வந்து என்னன்னு பாரு" என்று அத்தை போன் செய்தார். நாகமலைப் பக்கம் என் அடுக்குமாடி வீட்டில் நானும் அதே வாடையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டையும் ஓரளவு வழிக்குக் கொண்டுவந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

வேலையில் இறங்கும் முன் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈரப்பதம் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகள் பலவும் சென்னை மாதிரி கடலோர ஊர்களுக்குப் பொருந்துபவை. மதுரை அப்படி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு நமக்கு வெறும் ஆடிக்காற்றாக வந்து சேர்கிறது. கோடை மழை ஒன்றிரண்டு வந்தாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை பகலில் வறட்சிதான். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆக, ஒரே வீட்டை இரண்டு விதமாக நடத்தத் தெரிய வேண்டும். சித்திரையில் நல்லதாக இருந்த பழக்கம் ஐப்பசியில் கெடுதலாகிவிடும்.

படி 1: அளந்து பாருங்கள்

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. வெப்பநிலையையும் ஈரப்பதச் சதவீதத்தையும் காட்டும். இரண்டு வாங்கினால் நல்லது. ஒன்று படுக்கையறைக்கு, இன்னொன்று வாடை அடிக்கிற இடத்துக்கு.

மலிவான கருவி பொய் சொல்லும். அதைப் பிடிப்பதற்குச் சமையலறை உப்பே போதும். ஒரு மூடியில் இரண்டு ஸ்பூன் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து கஞ்சியாகிவிடக் கூடாது. அதையும் கருவியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து நன்றாக மூடி, 10, 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். கருவி 81 காட்டினால் அது 6 கூட்டிச் சொல்கிறது என்று பொருள். அந்த வித்தியாசத்தைப் பின்னால் எழுதி ஒட்டிவிட்டால் கதை முடிந்தது.

எந்த அளவு சரி? 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அடைமழை நாளில் ஒருசில மணி நேரம் 80 காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது எத்தனை நாள் அப்படியே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

படி 2: சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள்

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. சூடான காற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். சதவீதம் என்பது தாங்கக்கூடியதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்வது மட்டுமே. கத்திரி வெயில் மத்தியானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 38 டிகிரி, 30 சதவீதம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14 கிராம் தண்ணீர் இருக்கும். கார்த்திகைக் காலை ஒன்று: 27 டிகிரி, 85 சதவீதம். இதில் சுமார் 22 கிராம். ஜில்லென்று இருக்கிறதே என்று அந்தக் காலையில் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். உள்ளே வருவது அந்த 22 கிராம்தான்.

இதற்குச் சுலபமான அளவுகோல் பனிநிலை. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள ஈரம் துளியாகக் கட்டுமோ, அதுதான் பனிநிலை. போனில் உள்ள வானிலைச் செயலிகள் பலவற்றில் இந்த எண் இருக்கும். வீட்டுக்குள் 29 டிகிரி என்று வையுங்கள். பனிநிலை 20 என்றால் அந்தக் காற்று உள்ளே வந்து சுமார் 60 சதவீதத்தில் நிற்கும். பனிநிலை 24 என்றால் 75க்குப் போய்விடும். நான் காலையில் பால் காய்ச்சும் நேரத்தில் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கிறேன். 20ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் வீடு முழுக்கத் திறப்பு. 23க்கு மேல் என்றால் யோசித்துத் திறப்பு.

மழை பெய்த மறுநாள் மொசைக் தரை வியர்ப்பதும் இதனால்தான். தரையின் குளிர்ச்சி பனிநிலைக்குக் கீழே இருக்கிறது, வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன் மேல் படுகிறது. தரைக்குள்ளிருந்து தண்ணீர் ஊறுகிறது என்று சிலர் டைல்ஸையே பெயர்த்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

படி 3: ஈரம் காற்றிலா, சுவரிலா?

அலுமினியத் தாள் ஒன்றைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெட்டி, சந்தேகப்படும் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, நம்மைப் பார்த்த பக்கம் ஈரம் கட்டியிருந்தால் குற்றவாளி அறையின் காற்று. சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவரிலேயே ஓதம் இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல் ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குவது வீண்.

ஓதம் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரே காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து இடுப்பளவு வரை காரை உதிர்ந்து உப்புப் பூத்திருந்தால் ஈரம் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது. வண்டியூர், செல்லூர் மாதிரி கண்மாய்களை ஒட்டிய தாழ்வான மனைகளில் இதை முதலில் சந்தேகப்படலாம். கூரை மூலையில் வட்டக் கறை என்றால் மொட்டை மாடியைப் போய்ப் பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்துக் குளம் கட்டியிருக்கும். பாத்ரூமுக்குப் பின் சுவரில் மட்டும் ஈரம் என்றால் குழாய்க் கசிவு. மேல்தொட்டி நிரம்பி வழிவது தினமும் ஒரே சுவரில் இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். மோட்டாரை நிறுத்த மறக்கும் வீடுகளில் இது அதிகம்.

ஓதத்தை வெளியில்தான் நிறுத்த வேண்டும். உள்ளே பூசி மறைக்க முடியாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். கார்த்திகையில், ஈரம் காயாத சுவரில் பட்டி பார்த்து, பளபளவென்று எமல்ஷன் அடித்துக் கொடுத்தார் ஒருவர். அடுத்த மழைக்கு அது அப்பளம் மாதிரி கொப்பளித்து உரிந்து வந்துவிட்டது. அப்புறம் வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள தண்ணிய வச்சு மேல பூட்டிட்டாங்கண்ணே" என்றார். விரிசலை அடைப்பது, மாடியில் நீர்க்கசிவுப் பூச்சு, அஸ்திவார ஓரம் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுப்பது எல்லாம் மாசி, பங்குனியில் நடக்க வேண்டும். வைகாசி வரை வெயிலில் சுவர் காய வேண்டும். அதன் பிறகே பெயிண்ட். மதுரை வெயில் இலவசமாகச் செய்து தரும் வேலை இது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்பையே அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்.

படி 4: வீட்டுக்குள் நாமே ஊற்றும் தண்ணீர்

12க்கு 12 அறை, 10 அடி உயரம். அதற்குள் சுமார் 41 கன மீட்டர் காற்று. 27 டிகிரியில் அந்தக் காற்று முழுக்க நிரம்பினாலும் தாங்குவது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்தான். இந்த ஒரு லிட்டரை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாஷிங் மெஷினில் சுழற்றிப் பிழிந்த ஒரு நடை துணியில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். கையால் பிழிந்தது என்றால் இன்னும் அதிகம். மழைக்காலத்தில் அதைப் படுக்கையறைக் கொடியில் போட்டுக் கதவைச் சாத்துகிறோம். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் சேரும். பலரும் நம்ப மறுப்பது கேஸ் அடுப்பை. எரிவாயு எரிந்தால் தண்ணீர் உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீரை ஆவியாக வீட்டுக்குள் விட்டுவிடுகிறது. 45 நாளைக்கு ஒரு சிலிண்டர் என்றால் தினம் அரை லிட்டர். இட்லிப் பானை ஆவியும் சோற்றுப் பானை ஆவியும் தனி.

அதனால் செய்ய வேண்டியவை: துணியைக் காய்ந்த நாளில் மொட்டை மாடியில் போடுங்கள். அடைமழையில் வேறு வழி இல்லை என்றால் ஒரே ஒரு அறையை அதற்கென்று ஒதுக்கி, உள்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, ஃபேனைச் சுழல விடுங்கள். மெஷினில் இன்னொரு முறை ஸ்பின் ஓட்டினால் வேலை கொஞ்சம் குறையும். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், அணைத்த பின்னும் பத்து நிமிடம் ஓட வேண்டும். சிம்னி வைத்திருப்பவர்கள் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாமல், வடிகட்டி வழியாக அறைக்கே திருப்பி அனுப்பும் ரகம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

குளியலறை வென்டிலேட்டரைக் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருப்பீர்கள். அட்டையை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். குளித்து முடித்ததும் தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு வருவது சின்ன வேலைதான், ஆனால் பலன் உண்டு. மாலையில் வீடு துடைக்கும் பழக்கத்தை ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மாற்றுங்கள்.

படி 5: எப்போது திறப்பது, எப்போது சாத்துவது

மெஷின் எதுவும் இல்லாத வீட்டில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள் காற்றை உலர்வாக வைக்க முடியாது. நாம் உள்ளே தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால், நாள் முழுக்கச் சாத்தி வைத்தால் வெளியைவிட மோசமாகும். ஆகவே ஏசி இல்லாத வீடு மழைக்காலத்திலும் மூச்சு விட வேண்டும். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஒரு ஜன்னல் போதாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். மழை விட்டு இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் திரைச்சீலைகளை ஒதுக்கி வெயிலை உள்ளே விடுங்கள். 27 டிகிரியில் 85 சதவீதமாக இருந்த காற்று, 30 டிகிரிக்குச் சூடானாலே சுமார் 71க்கு இறங்கிவிடும். தண்ணீர் குறையவில்லை, ஆனால் சுவரும் துணியும் காயத் தொடங்கும்.

காய்ந்த மாதங்களில் முறை வேறு. காலை ஒன்பது மணிக்குள் திறந்து சாத்திவிட்டால் குளிர்ச்சி தங்கும். ஈரத்தை விரட்டுவது நோக்கம் என்றால் பீரோ, பரண், லாஃப்ட் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு மத்தியானம் திறந்து போடுங்கள். வருடத்தில் அதைவிட உலர்ந்த காற்று கிடைக்காது.

சீலிங் ஃபேன் ஈரப்பதத்தைக் குறைக்காது. ஆனால் நம் வியர்வையையும் சுவர் ஈரத்தையும் காயவைக்கும். காற்று எட்டாத மூலைகளில்தான் பூஞ்சணம் குடியேறும். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று நான்கு விரல்கடை நகர்த்துங்கள். என் வீட்டுப் பூஞ்சணத்தில் பாதி இதிலேயே நின்றுவிட்டது.

ஏர்கூலர்? சித்திரையில் அது வரம். 38 டிகிரி காய்ந்த காற்றை அது நன்றாகவே இறக்கிவிடும், ஜன்னல் திறந்திருந்தால். ஐப்பசியில் ஏற்கெனவே நிரம்பிய காற்றில் இரண்டு டிகிரி குறைப்பதற்கு மேல் அதனால் முடியாது. அதற்கு விலையாக அறை முழுக்கத் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போகும். புரட்டாசி பிறந்ததும் தொட்டியை வடித்து, வைக்கோல் திண்டைக் காயவைத்து, கூலரைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

படி 6: ஏசியை ஈரத்துக்கு எதிராகப் பயன்படுத்துவது

ஏசியின் வடிகுழாயில் சொட்டும் தண்ணீர் அறையிலிருந்து உறிஞ்சப்பட்ட ஈரம். ஒரு வாளி வைத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் வெளியே சூடு இல்லை என்பதால் ஏசி சீக்கிரம் குளிர்வித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். அப்போதும் உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தால், குளிர்ச் சுருளில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி அறைக்கே ஆவியாகத் திரும்பும். அறை ஜில்லென்றும் பிசுபிசுவென்றும் இருப்பதன் ரகசியம் இதுதான். தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகவும் நீளமாகவும் ஓடுவதால் ஈரத்தை எடுப்பதில் தேவலை.

ரிமோட்டில் தண்ணீர்த் துளிப் படம் போட்ட டிரை மோடு இருக்கும். ஐப்பசி இரவுகளில் அதைப் போடுங்கள். விசிறி மெதுவாக ஓடி, குளிர்ச்சியைவிட ஈரத்தை எடுப்பதில் கவனம் வைக்கும். கூல் மோடு என்றால் 24, 25 போதும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏசிகளின் தொடக்க அளவே 24 டிகிரி என்று மத்திய அரசு வைத்திருக்கிறது. 18இல் வைத்தால் சுவர் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துபோகும். காலையில் கதவைத் திறந்ததும் கண்ணாடியும் பீரோவும் வியர்க்கும். ஏசி ஓடும்போது மட்டும் ஜன்னல், கதவு இடுக்கு எல்லாம் கறாராகச் சாத்தியிருக்க வேண்டும்.

படி 7: டீஹியூமிடிஃபையர் தேவையா?

காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இந்த மெஷின் பலருக்குத் தேவையில்லை. வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்காக வாங்கி, மீதி நாள் துணி போர்த்தி வைப்போம். புத்தகம், இசைக்கருவி, கேமரா, பட்டு ஸ்டாக் என்று ஓர் அறை நிறைய வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். அட்டைப் பெட்டியில் போடும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. 60ஐ நெருங்க நெருங்க அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். இரண்டாவது, அது அறையைச் சூடாக்கும். ஒரு லிட்டர் ஆவி தண்ணீராகும்போது ஏறக்குறைய 0.7 யூனிட் அளவு வெப்பம் வெளியாகிறது. மெஷினின் கரண்டும் வெப்பமாகவே அறைக்குள் இறங்கும். ஏசிக்கு வெளியே ஒரு பெட்டி உண்டு, இதற்குக் கிடையாது. ஆகவே படுக்கும் அறைக்கு ஏசி, பூட்டிய அறைக்கு டீஹியூமிடிஃபையர்.

படி 8: பீரோ, டப்பா, பட்டு

கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பா, அதுதான் தண்ணீர் சேரும் டப்பா, மூடிய அலமாரிக்குள் நன்றாக வேலை செய்யும். திறந்த அறையில் வைப்பது வைகையைக் கிண்ணத்தால் இறைப்பது போல. சேர்ந்த தண்ணீர் துணியிலோ தோலிலோ படக் கூடாது. நேராக நிறுத்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறும் ரகமாக இருந்தால் நல்லது, ஓவனில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தைத் துளியும் எடுக்காது. ஜரிகை மேல் அதை நேராக வைக்கவும் கூடாது.

பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். சுங்குடி மாதிரி பருத்திக்கு இத்தனை உபசாரம் தேவையில்லை. முழுக்கக் காய்ந்த பின் மடித்தால் போதும். கஞ்சி போட்டதை மழைக்காலத்தில் நெடுநாள் அடுக்கி வைக்காதீர்கள், பூஞ்சணத்துக்குக் கஞ்சி நல்ல சாப்பாடு.

படி 9: ஏற்கெனவே பிடித்த பூஞ்சணம்

உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், வீடு முழுக்கப் பரவும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். சுவருக்குப் பிளீச்சிங் பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்து வைத்து, அதை மட்டுமே பயன்படுத்துங்கள். பிளீச்சிங்கை டாய்லெட் ஆசிட் எதனுடனும் கலந்தால் விஷவாயு கிளம்பும். ஊறிப்போன ஜிப்சம் பலகை, உப்பிய பிளைவுட், மெத்தை இவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அவர்களை இந்த வேலையின்போது வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, அத்தை வீட்டுக்கு வருகிறேன். அலுமினியத் தாள் சோதனையில் சுவர் சுத்தம். கருவி பகலிலேயே 84 காட்டியது, வெளித் திண்ணையில் 76. சமையல் ஆவியும் குளியல் ஆவியும் இத்தனை காலம் முற்றத்தின் வழியே மேலே போய்க்கொண்டிருந்தன. ஷீட் அந்த வழியைப் பானைக்கு மூடி போட்டது போல அடைத்துவிட்டது. கழற்றச் சொன்னேன். செலவு பண்ணிப் போட்டதை ஏன் கழற்ற வேண்டும் என்று அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடைசியில் ஷீட்டை இரும்புக் கால்களில் ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் புறா நுழையாத வலை அடித்தோம். சமையலறையில் ஓர் எக்ஸாஸ்ட் வைத்தோம், பீரோவை நகர்த்தினோம், புடவைகள் வேட்டிக்கு மாறின. போன கார்த்திகையில் உள்ளேயும் வெளியேயும் இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. வாடையும் போய்விட்டது.

முறுக்கு டின்னுக்குள் நான் போட்டு வைத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மட்டும் அத்தை எடுத்து வெளியே போட்டுவிட்டார். "திங்கிற பண்டத்துல என்னடா மருந்து?" அந்த டின்னுக்கு இப்போது இறுக்கமான எவர்சில்வர் மூடி.